ரெண்டாவது சரணத்துல ஒரு மூச்சு

இல்ல தம்பி, உன் குரல் நல்லா இல்லனு நான் எங்க சொன்னேன்? குரல் நல்ல குரல்தான், அத யாரு இல்லனது? கண்றாவியா இருக்குனு சொன்னது அந்தப் பாட்ட நீ பண்ணி வெச்சிருக்கற கோலத்த. நீதான கேட்ட? சாயங்காலம் ஆறு மணிக்கு யூட்யூப்ல போடறேன், அதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுட்டு மனசுல பட்டத சொல்லுங்க ஆன்ட்டினு. மாடில மொளகா காய வெக்க வந்தவள நிறுத்தி, காதுல இத மாட்டிவுட்டுட்டு, இப்ப சொன்னா மூஞ்சி தொங்கிப்போவுது. இந்தா, ஒன் ஹெட்போன புடி.

ஒக்காரு. நானும் இப்பிடி படியில ஒக்காந்துக்கறேன், முட்டி வலிக்குது. அந்த காக்காவ மட்டும் வெரட்டிட்டு வா, மொளகாய கெளறிப்புடும்.

மொதல்ல இத சொல்லு. ஏன் இப்பிடி இழுக்கற? ஒரிஜினல் நாலு நிமிசம் பத்து செகண்டு. உன்னுது ஆறு நிமிசத்துக்கு மேல ஓடுது. அந்தப் பொம்பள, புருசன் வருவானா வருவானானு தெருவ பாத்துக்கினு பாடறா. ஒரு படபடப்பு இருக்க வேணாமா? நீ பாடறத கேட்டா, புருசன் வந்து, சாப்ட்டு, கொறட்ட வுட்டு தூங்கியே போயிட்ட மாதிரி இருக்கு. அது இன்னா, எல்லாரும் ரகசியம் பேசற மாதிரியே பாடறீங்க? பக்கத்து ரூம்ல யாராச்சும் தூங்கறாங்களா? மழைனு ஒரு வார்த்த வருது, எவ்ளோ அழகான வார்த்த. அத நீ வாய்க்குள்ளாறயே வெச்சி ஊற வெச்சி, டீயில வுழுந்த பிஸ்கட்டு மாதிரி ஆக்கித்தான் வெளிய வுடற.

இன்னாது? வைபா? இருக்கட்டும், இருக்கட்டும். அதெல்லாம் உன் இஷ்டம். கண்ண மூடிக்கோ, தொப்பி போட்டுக்கோ, மெழுகுவத்தி கொளுத்தி வெச்சிக்கோ. இளஞ்செழியன்னு பெத்தவங்க வெச்ச லட்சணமான பேர வெட்டி, இளன்னு போட்டுக்கினு இருக்கியே, அதுகூட உன் இஷ்டம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்.

ரெண்டாவது சரணம். மூணாவது வரி. வாசல்ங்கற வார்த்தைக்கு முன்னாடி. அங்க ஒரு மூச்சு இருக்கும். பாடறவங்க வுடற சாதா மூச்சு இல்ல. திடுக்குனு உள்ள போயி, பாதி சிரிப்பா திரும்பி வரும், அந்த சிரிப்பு காத்துலயே வாசல்னு வார்த்த வுழும். உன்னுதுல அந்த மூச்ச காணோம். அத மட்டும் திரும்ப வெச்சிடு. அப்பறம் ஆறு மணிக்கு போடு, நாளைக்கி போடு, நான் வாயே தொறக்க மாட்டேன்.

நாய்சா? வேண்டாத சத்தமா? யாரு சொன்னா? நீ பாடும்போது அந்த எடத்துல மூச்சு வாங்கத்தான் செஞ்ச, கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன் இருக்கு, அத அமுக்கினா மூச்செல்லாம் தன்னால போயிடும், அதானே? அய்ய. கேக்கவே கலீஜா இருக்கு. பாடற மனுசன் மூச்சு வுடறது அழுக்கா? வூடு கூட்டற மாதிரி கூட்டி வெளிய கொட்டிட்டியா?

கோவப்படாத. உன்ன மட்டும் திட்டல. இந்தப் பாட்ட இதுவரைக்கும் நாப்பத்தோரு பேரு பாடி போட்டிருக்காங்க. ஆமா, எண்ணித்தான் வெச்சிருக்கேன். எங்க பையன் கோபி பெங்களூர்ல வேலைக்கி போனப்ப இந்த போன வாங்கி குடுத்து, எப்பிடி தேடறதுனு காட்டிட்டு போனான். அதுலேர்ந்து எவனாச்சும் புதுசா போட்டானா, நான் கேட்டுடுவேன். முழுசா கேக்க மாட்டேன். நேரா அந்த எடத்துக்கு தள்ளிடுவேன். வாசலுக்கு முன்னாடி. நாப்பத்தோரு பேருல ஒருத்தன்கூட ஒழுங்கா பண்ணல. ஒருத்தி அங்க முக்கறா. ஒருத்தன் விசிலடிக்கறான். கீழ்பென்னாத்தூர்ல ஒரு ரிசப்ஷனுக்கு போனேன், மேடையில பாடறவன் அந்த எடம் வந்ததும் மைக்க ஜனங்க பக்கம் நீட்டி, எல்லாரும் சொல்லுங்கங்கறான். ஜனங்க ஓன்னு கத்துது. தட்டுல போட்ட பிரியாணிய அப்பிடியே வெச்சிட்டு எழுந்து வந்துட்டேன்.

இத கேளு. பௌர்ணமிக்கு மலை சுத்தறேன். அடி அண்ணாமலை கிட்ட ஒரு சிடி கடை, பெரிய ஸ்பீக்கரு. காதுல வுழுது, நம்ம பாட்டு மெட்டு. வார்த்த மட்டும் அண்ணாமலையாரு மேல. எவனோ மெட்ட தூக்கி சாமிக்கி போட்டிருக்கான். சரி, சாமிக்குத்தானனு நின்னேன். ரெண்டாவது சரணம் வருது. மூணாவது வரி வருது. அந்த மூச்சு வரவேண்டிய எடத்துல, நாலு தடியனுங்க சேந்து அரோகரானு அலறறானுங்க. சாமி பாட்டாச்சேனு வாய மூடிக்கினேன், இல்லாட்டி அங்கயே த்தூனு துப்பியிருப்பேன். ஜனங்க இடிச்சிக்கினு போவுது, நான் நடுரோட்ல காத பொத்திக்கினு நிக்கறேன். எங்க வீட்டுக்காரரு பத்தடி முன்னாடி போயிட்டாரு, திரும்பியே பாக்கல.

அவருக்கு அந்தப் பாட்டே ஆவாது. குமரேசன் சார் எங்க ஆன்ட்டி, ஆளையே காணோம்னு காலைல கேட்டியே? நீ உள்ள அத பாடிக்கினு இருந்த. சட்டைய மாட்டிக்கினு காய் வாங்கப் போயிட்டாரு. வீட்ல காய் நெறைய இருக்கு.

எல்லாத்தவிட கேவலம் எது தெரியுமா? போன மாசம் வந்துது ஒண்ணு. ஆளே பாடல, கம்ப்யூட்டரே பாடுது. செத்துப்போன ஒரு பாடகரு குரல எடுத்து அதுல கலந்து வுட்டிருக்கான். கமெண்ட்ல ஒரே செவப்பு ஆர்ட்டின் பொம்மயா போட்டு வெச்சிருக்கானுங்க. புல்லரிக்குதாம். எனக்கு எரிஞ்சிது. ஆரம்பத்துலேர்ந்து கடசி வரைக்கும் அதுக்கு மூச்சே இல்ல தம்பி. ஒரு எடத்துலகூட இல்ல. அத கேட்டு லட்சம் பேரு அழுவறானுங்க.

நான் ஏதோ பழசுதான் ஒசத்தினு பேசறவனு நெனச்சிக்காத. நானே காப்பியடிச்சி சோறு தின்ன கழுததான். உனக்கு தெரியாதுல்ல? செங்கம் ரோட்ல நாலு ரூம் வாடகைக்கி வுடற சந்திரகலானுதான் உனக்கு தெரியும். பதினோரு வருசம் ஆர்கெஸ்ட்ராவுல பாடினவ நானு. ஆரணி, போளூர், செங்கம், ஆடி மாசம் வந்தா ஒரு கோயில் பாக்கியில்ல. இவரு அதுல ரிதம் பேடு வாசிச்சாரு, அப்பிடித்தான் கல்யாணமே ஆச்சு. கோதண்டராமன் மாஸ்டர்னு, ஆர்கெஸ்ட்ரா அவரோடது. அவர்கிட்ட ஒரு சங்கதி மாத்தி பாடிட முடியாது. கேசட்ட ஓட வுடுவாரு, திரும்ப சுத்துவாரு, திரும்ப ஓட வுடுவாரு. பாட்டு நோட்டுல வார்த்தைக்கி நடுவுல பென்சில்ல சின்னதா ஒரு புள்ளி வெக்கணும். கேசட்டுல பாடறவங்க எங்கெங்க மூச்சு வாங்கறாங்களோ அங்கெல்லாம் புள்ளி. அவங்க வாங்கற எடத்துலதான் நானும் வாங்கணும். எனக்கு மூச்சு முட்டிச்சினா முட்டட்டும். அடுத்தவங்க பாட்ட பாடறியா, அடுத்தவங்க மூச்சத்தான் வுடணும்பாரு. மேடையில தப்பு பண்ணாலும் நிறுத்தாத, பாடிக்கினே போம்பாரு. அந்த ஆளு முன்னாடி நீ இன்னிக்கி பாடினத போட்டு காட்டினேன்னு வெச்சிக்கோ, செருப்ப கழட்டியிருப்பாரு.

அதனாலதான் சொல்றேன், எனக்கு தெரியும். அது நாய்ஸ் இல்ல. வேணும்னே வெச்சது.

எப்பிடி தெரியும்னா, தெரியும், வுடு.

அட, வுட மாட்டியா? சரி. அந்தப் பாட்டுக்கு டிராக் பாடினது நான்தான்.

ஏன் எழுந்துட்ட? ஒக்காரு. அதுல இன்னா இருக்கு? டிராக்னா தெரியுமில்ல? பெரிய பாடகிங்க வர்றதுக்கு முன்னாடி, பாட்டு எப்பிடி இருக்கணும்னு எவளாச்சும் ஒருத்திய வெச்சி பாட வெச்சி பதிஞ்சி வெப்பாங்க. அப்பறம் அவங்க வந்து, அத ஹெட்போன்ல கேட்டு, அதே மாதிரி பாடுவாங்க. பாடி முடிச்சதும் இத அழிச்சிடுவாங்க. அவ்ளதான் வேல. கோதண்டராமன் மாஸ்டருக்கு தெரிஞ்ச ஒருத்தரு கூப்ட்டாரு, தொண்ணூத்தேழுல, மெட்ராஸ்க்கு ஒரே ஒரு தடவ போனேன், இந்த ஒரே ஒரு பாட்டு. படம் வந்த சுவடு தெரியாம போச்சு, பாட்டு மட்டும் நின்னுடிச்சி. நீங்கள்லாம் ஒரிஜினல் ஒரிஜினல்னு தூக்கி வெச்சி ஆடறீங்களே, அதுவே என்ன கேட்டு அந்தப் பாடகியம்மா பாடின கவர் பாட்டுதான். சிரிப்பா இல்ல?

இல்ல, டேப்பு இல்ல. அது மேலயேதான அந்தம்மா குரல பதிஞ்சாங்க. எங்கயும் இல்ல.

எதுக்கு எம் பேரு? வேணாம். இன்னாது, வீடியோவுக்கு கீழ எழுதற டிஸ்கிரிப்ஷனா? அதுல எம் பேர போட்டு, நான் ஏமாந்த கதய எழுதி, என்ன இந்த மொளகா மூட்ட பக்கத்துல நிக்க வெச்சி வீடியோ எடுக்கப் போறியா? சீ, கருமம். பேருக்காகவா இவ்ளோ நேரம் தொண்ட கிழிய கத்தறேன்? என்ன யாரும் ஏமாத்தல தம்பி. சொல்லித்தான் கூப்ட்டாங்க, தெரிஞ்சிதான் போனேன். அந்தம்மா மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. நேர்ல பாத்தா கால்ல வுழுவேன், அது வேற விசியம். நான் கேக்கறது அந்த மூச்சு. பேச்ச மாத்தாத.

நீயே திரும்ப பாடறியா? எங்க, பாடு பாப்போம்.

ம்ஹூம். இது விக்கல்.

இது இன்னா, சுடுதண்ணி கால்ல பட்ட மாதிரி. இல்லப்பா. யோசிச்சி பண்ற. பண்ணப் போறேன்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது, அதான் பொய்யா இருக்கு. அது வரப்போவுதுனு பாடறவளுக்கே தெரியக்கூடாது.

என்னையா? வேணாம். மைக்க எடுக்காத, உள்ள வெய்யி. நீங்களே பாடுங்க, அந்த ஒரு எடத்த வெட்டி ஒட்டிக்கறேன்னா, எனக்கு வராது தம்பி. கூச்சத்துல சொல்லல. இத்தினி வருசமா பண்ணி பாத்துட்டேன். கிரைண்டர் ஓடும்போது பாடுவேன், வெளிய யாருக்கும் கேக்காதுனு. குளிக்கறப்ப பாடுவேன். பாட்டு மொத்தமும் அப்பிடியே இருக்கு, குரல்தான் கொஞ்சம் தடிச்சிப் போச்சு. அந்த எடம் வந்தா மட்டும் உன்ன மாதிரியேதான் நானும், விக்கறேன், முக்கறேன். வரல. ஏன்னா அத நான் பண்ணல.

எனக்கு அப்ப ஏழு மாசம். வளைகாப்பு முடிஞ்சி ஒரு வாரம்கூட ஆவல. எங்க மாமியா மணியம்மாள் தலையில அடிச்சிக்கினாங்க, வயித்துல புள்ளய வெச்சிக்கினு மெட்ராஸ்க்கு பஸ்ல போவியானு. மாஸ்டரு சொல்லி, இவருதான் இட்டுக்கினு போனாரு. அங்க மைக்குக்கு முன்னாடி நின்னா, கையி ஆடறப்பல்லாம் கலகலனு சத்தம். ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையலு. கழட்டும்மாங்கறாரு அங்க பதிவு பண்ற சவுண்டு இஞ்சினீரு. புள்ள பொறக்கற வரைக்கும் கழட்டக்கூடாது சார்னு நானு. அரை மணி நேரம் இதே பேச்சு. அப்பறம் இவரு தோள்ல இருந்த துண்டையும், அங்க தொடைக்க வெச்சிருந்த துணியும் எடுத்து, ரெண்டு கையிலயும் சுத்தி, அடிபட்டவளுக்கு கட்டு போடற மாதிரி கட்டி வுட்டாங்க. அப்பிடியே நின்னு பாடறேன்.

மொத சரணம் போச்சு. ரெண்டாவது வருது. மூணாவது வரி, வாசல்னு சொல்ல வாய தொறக்கறேன், உள்ளேர்ந்து ஒரு ஒத. அதுவரைக்கும் லேசா பொரளும், எனக்கே சந்தேகமா இருக்கும். இது அப்பிடியில்ல, வெலா எலும்புல நச்சுனு ஒண்ணு. எனக்கு மூச்சு உள்ள போயிடிச்சி, அப்பறம் சிரிப்பு வந்துடிச்சி. மாஸ்டர் பழக்கம், நிறுத்தல, அதுலயே வாசல்னு சொல்லிட்டு பாடிக்கினே போயிட்டேன். முடிச்சிட்டு, தப்பாயிடிச்சி சார், இன்னொரு வாட்டி பாடறேன்னேன். மியூசிக் டைரக்டரு வேணவே வேணாம்மா, அது அப்பிடியே இருக்கட்டும், பாட வர்ற அம்மாகிட்ட அத கண்டிப்பா பண்ண சொல்லணும்னாரு. யாரு பண்ணதுனு அவருக்கு தெரியாது. எனக்கு வெக்கமா இருந்துச்சி, சொல்லல.

அடுத்த மாசமே வலி வந்துடிச்சி. எட்டாம் மாசம். பொண்ணு. ஒன்னரை நாளு இருந்தா.

இல்ல, இப்ப அழுவறதுக்கு ஒண்ணுமில்ல, கண்ணு மொளகா நெடிக்கி தண்ணி வுடுது. எங்கள்ல பதினோராம் நாளுதான் பேரு வெப்பாங்க. பேரு வெக்காத கொழந்தைக்கி கருமாதி கெடையாது. படம் புடிச்சி மாட்டறது கெடையாது. படையல் கெடையாது. பெத்தவ கூட போவக்கூடாது, எங்க பொதச்சாங்கனு அவகிட்ட சொல்லவும் கூடாது. துணில சுத்தி இவருதான் தூக்கிக்கினு போனாரு, இன்னி வரைக்கும் எந்த எடம்னு என்கிட்ட சொல்லல, நானும் கேக்கல. அதுக்கப்பறம் வீட்ல ஒருத்தர்கூட அவள பத்தி பேசல. கோபிக்கு, தனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தானே தெரியாது.

கொஞ்ச நாளு கழிச்சி பஸ் ஸ்டாண்ட்ல நிக்கறேன், டீக்கடையில பாட்டு போடறான். புதுப்பாட்டு. என் பாட்டு, அந்தம்மா குரலு. நான் இன்னா நெனச்சேன், பெரிய பாடகி, அந்த எடத்த அவங்க இஷ்டத்துக்கு மாத்தியிருப்பாங்கனு. மாத்தல தம்பி. ஹெட்போன்ல என்ன கேட்டாங்களோ அத அப்பிடியே, ஒரு நூலு பிசகாம, அந்த ஒதய பாடியிருந்தாங்க. எதுக்குனே தெரியாம பாடியிருந்தாங்க, மகராசி.

அவ இந்த பூமில செஞ்ச காரியம் அது ஒண்ணுதான். அதப் போயி நாய்ஸ்னு தொடச்சிட்ட.